ரெண்டு பட்டை நாயக்

4-7-2025, வெள்ளி
சுந்தரபாண்டியபுரம்

பொதிகை ரயிலில் வந்து தென்காசியில் இறங்கும்போதே சாரல். அப்பா பிளாட்பாரத்தில் நனைந்துகொண்டு நின்றார். "குடை எங்கப்பா?" என்றால், "இந்தச் சாரலுக்கு எவன் குடை பிடிப்பான்?" என்கிறார். பெட்டியை நான் இழுக்க, அவர் பிடுங்க, கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் பெட்டியைத் திறந்து யூனிஃபார்ம் சட்டையை எடுத்தாள். கையில் தைத்திருந்த பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"போன தடவ ஒண்ணுதானட்டி இருந்துச்சு?"

நான் சொல்வதற்குள் தங்கை ஆஷிகா முந்திக்கொண்டாள். குற்றாலத்தில் காலேஜ் படிக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். "ஒரு பட்டைன்னா லான்ஸ் நாயக். ரெண்டுன்னா நாயக். மூணுன்னா ஹவில்தார். அதுக்கு மேல போனா கையில பட்டை கெடையாது, தோள்ல நட்சத்திரம். நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். சரியாக்கா?"

சரிதான். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை.

"அப்பம் நம்ம ஸ்டேஷன் ஏட்டு மாதிரியா?" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட என்றேன். என் வேலையும் ராணுவத்துக்குள்ளேயே போலீஸ் வேலைதானே. சிவப்புத் தொப்பி, கேட் காவல், கான்வாய்க்கு வழிவிடுவது, குடித்துவிட்டு வரும் ஜவானைப் பிடிப்பது. ஊரில் 'மிலிட்டரி போலீஸ்' என்றால் புரிகிறது. 'நாயக்' என்றால் அர்த்தம் கேட்கிறார்கள்.

அம்மா சட்டையை மடித்து வைத்தாள். "பட்டையெல்லாம் சரி. ஆவணில கல்யாணம், ஞாவகம் இருக்கட்டும்."

இருக்கிறது. அதற்காகத்தானே வருஷ லீவை மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

6-7-2025

சுபாஷ். கடையத்துக்காரர். காலாட்படையில் சிப்பாய். அவருடைய அப்பா நெல்லையப்பன் மாமாவும் பட்டாளத்தில் இருந்து நாயக்காக ஓய்வு பெற்றவர். "பையன் பார்டர்ல நிக்கான். ரெண்டு பேரும் மிலிட்டரின்னா ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சிக்கிடுவாங்க" என்று அவர்தான் சம்பந்தம் பேசி வந்தார்.

போனில் நாலைந்து முறை பேசியிருக்கிறோம். அதிகம் பேசுவதில்லை. "சாப்ட்டீங்களா?" என்று எல்லோரும்தான் கேட்பார்கள். இவர் அதோடு விடாமல் "என்ன குழம்பு? தேங்கா அரைச்சதா, அரைக்காததா?" என்று போகிறார். சாப்பாட்டு ராமன் போலிருக்கிறது. இருக்கட்டும்.

8-7-2025, செவ்வாய்

இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். அம்மாவும் அவருடைய அம்மாவும் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அவரும் பழக்கடைப் பக்கம் நடந்தோம். மங்குஸ்தான் வாங்கி, ஒவ்வொன்றாக நசுங்காமல் உடைத்துக் கொடுத்தார்.

"லீவுல வந்தா எங்கம்மா அடுப்படிப் பக்கமே விட மாட்டாவ. எனக்குக் கை நமநமங்குது. அங்கன விடியுறதுக்கு முன்னாடியே அடுப்பு பத்த வச்சிருவோம்."

"நீங்க எதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்?"

அவர் கை நின்றது. "நான் லங்கர்லதான இருக்கேன். குக்கு. ட்ரேடே அதான். ஒங்க வீட்ல சொன்னாவல்லா?"

"இல்லையே."

"அப்பா சொல்லிட்டேன்னு சொன்னாவளே."

லங்கர் என்றால் ஜவான்களின் சாப்பாட்டுக்கூடம். அங்கே சமைக்கிறவர்.

அதற்கு மேல் என்ன பேசினோம் என்று நினைவில்லை. பழம் கையிலேயே இருந்தது. வேன் ஏறும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அருவியைப் பார்த்தேன்.

9-7-2025

வீட்டில் சொல்லவில்லை.

எதுக்கு இப்படி வருது அழுகை? பொய் சொன்னதுக்கா? பொய் சொன்னது அவர் இல்லையே, அவருக்கே தெரியாதே. அப்பம் வேலைக்கா? சமையல்னா என்ன கேவலமா? நாலு வருஷமா நான் எங்கன திங்கேன்? லங்கர்லதானே? கேட்ல நின்னு கால் மரத்துப் போய் வாரப்ப தட்டுல சூடா ரொட்டி விழுமே, அது யாரு போட்டது? ஒரு நாளாவது அவன் பேரக் கேட்டிருக்கேனா?

நான் சேர்ந்தப்ப இதே ஊர்ல என்னா சிரிப்பு சிரிச்சாங்க. 'பொட்டப்பிள்ள துப்பாக்கி தூக்கப் போவுதாம்'. எவ்வளவு கோவம் வந்துச்சு எனக்கு. இப்ப ஒரு ஆம்பள கரண்டி தூக்குதான்னதும் எனக்கு மூஞ்சி கோணுது.

ச்சே.

ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான். மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது. பட்டாளத்துக்காரருக்கு மகன் என்ன ட்ரேடு என்று தெரியாதா?

13-7-2025, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் தாம்பூலம் மாற்றிவிட வேண்டும் என்று நெல்லையப்பன் மாமாவும் அத்தையும் வந்தார்கள். சுபாஷ் வரவில்லை.

அப்பா பத்திரிகைக்கு எழுதி வைத்திருந்ததை வாசித்தார். மணமகன் 'சிப்பாய் சுபாஷ்', மணமகள் 'நாயக் ஸ்வாதி'.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நாயக்கா? லான்ஸ் நாயக்னுல்லா சொன்னிய?"

"போன மாசம் குடுத்துட்டாவ" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு பெருமை.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, ரேங்க் வேண்டாம். ரெண்டு பேருக்கும் இந்திய ராணுவம்னு மட்டும் போட்டுருவோம்" என்றார்.

"ஏன்?"

"மாமனாரும் நாயக், மருமவளும் நாயக், மவன் சிப்பாய். கடையத்துல எவனாவது சும்மா இருப்பானா? அவ சொன்னா இவன் சல்யூட் அடிப்பானான்னு கேப்பான்."

"எம் மவ வெயில்லயும் குளிர்லயும் நின்னு வாங்குனது. போடத்தான் செய்வேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. "மாமா, என் ரேங்கையும் மறைக்கணும், அவங்க ட்ரேடையும் மறைக்கணும்னா பத்திரிகையில என்னதான் போடுறது?"

"என்னட்டி ட்ரேடு?" என்றாள் அம்மா.

அத்தைதான் மெல்லச் சொன்னார்: "சுபாஷு சமையல்ல இருக்கான் மைனி."

"சமையலா? பார்டர்ல துப்பாக்கியோட நிக்கான்னு சொன்னியள!"

"பார்டர்லதான் நிக்கான்!" என்று மாமா சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் கோபத்தைவிட வேறு என்னவோ இருந்தது. கொண்டு வந்த பழத்தட்டு மேஜையிலேயே இருந்தது. தாம்பூலம் மாற்றாமல் போய்விட்டார்கள்.

14-7-2025

அம்மா பேசவில்லை. அப்பா வயலிலேயே இருந்துவிட்டார்.

17-7-2025, ஆடி ஒண்ணு

காற்று என்றால் அப்படிக் காற்று. சூரியகாந்தி பூக்க ஆரம்பித்துவிட்டது. கேரளாக்காரர்கள் கார் காராக வந்து இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். அப்பா வரப்பில் நின்று, "உள்ள எறங்காதிய, செடி ஒடிஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று டிராஃபிக் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவிலும் அதே வேலை.

அப்போது சுபாஷ் பைக்கில் வந்தார். தனியாக. நேரே அப்பாவிடம் போனார்.

"மாமா, நான் என்ன வேலை பாக்கேன்னு ஒங்களுக்குத் தெரியும்னு நினைச்சிட்டேன். நானே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சிக்கிடுங்க. இதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

அப்பா போட்டோ எடுக்க இறங்கிய ஒரு குடும்பத்தை விரட்டப் போய்விட்டார். அவர் வேண்டுமென்றே போனாரா என்று தெரியவில்லை.

நானும் சுபாஷும் மோட்டார் ரூம் நிழலில் நின்றோம்.

"அந்த ட்ரேடு கிடைச்சதுன்னு சேந்தீங்களா, பிடிச்சுச் சேந்தீங்களா?" என்று கேட்டேன்.

"கிடைச்சதுன்னுதான் சேந்தேன். அப்புறம் பிடிச்சிட்டு." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பனிக்காலம் மேல போஸ்ட்ல இருந்தேன். அங்கன பச்சத்தண்ணி கெடையாது, ஐஸ உடைச்சு உருக்கித்தான் ஒலை வைக்கணும். அரிசி லேசுல வேகாது. ரோந்து போயிட்டு வாரவனுக்கு மூஞ்சியே தெரியாது, மீசையெல்லாம் பனி. வந்து நின்னதும் என்ன கேப்பான் தெரியுமா? 'இன்னைக்கு என்னலே?' அம்புட்டுதான். அந்தக் கேள்விக்கு நல்லதா ஒரு பதில் சொல்லணும். அதுக்குத்தான் நான் அங்கன இருக்கேன்."

"துப்பாக்கி?"

"எனக்கும் ரைஃபிள் உண்டு, செண்ட்ரியும் நின்னுருக்கேன். ஆனா அதச் சொல்லி என் வேலையப் பெருசாக்கணும்னு எனக்கு இல்ல."

எனக்கு மாமா சொன்னது நினைவு வந்தது. "நான் சொன்னா சல்யூட் அடிப்பீங்களான்னு கடையத்துல கேப்பாங்களாம்."

"நாயக்குக்கு எவன் சல்யூட் அடிக்கான்? சல்யூட்டெல்லாம் ஆபீசருக்கு." சிரித்தார். "எனக்கு ஒரே ஒரு பயம்தான். நீங்க லங்கர்ல குறை சொல்லுத ஆளா?"

"உப்பு கம்மின்னா சொல்லுவேன்."

"அது சொல்லலாம்."

மத்தியானம் கிளம்பப் போனவரை அப்பா நிறுத்தினார். "வெயில்ல எங்க போற? சாப்ட்டுட்டுப் போ மாப்ள." மாப்ள! அம்மாவுக்கும் கேட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பரிமாறினாள். ஆனால் அப்பளம் பொரித்திருந்தாள்.

20-7-2025

அம்மாவும் அத்தையும் போனில் பேசிக்கொண்டார்கள். அம்மா நிறையப் பேசினாள், அத்தை நிறையக் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. கல்யாணம் ஆவணி பதிமூன்றுதான், மாற்றம் இல்லை. மாமா மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

21-7-2025, திங்கள்

யூனிட்டிலிருந்து சுபேதார் சாப் கூப்பிட்டார். இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸுக்கு என் பெயர் வந்திருக்கிறது! பெங்களூர். முடித்துத் தேறினால் ட்ரெய்னிங் சென்டரிலேயே போஸ்டிங் கிடைக்கலாம். புதிதாகச் சேரும் பெண்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாத். நான் சேர்ந்த அன்று எங்களை வரிசையில் நிறுத்திய உஸ்தாதின் குரலை இப்போதும் கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். அந்த இடத்தில் நான்.

மொட்டைமாடிக்கு ஓடிப்போய்க் காற்றில் நின்று, நிமிர்ந்து நிற்கச் சொல்லும் கட்டளையாக ஒருமுறை "சாவ்தான்!" என்று கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹைருன் பீவி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டார்.

அப்புறம்தான் தேதி உறைத்தது. கோர்ஸ் ஆவணி பிறந்ததுமே ஆரம்பிக்கிறது. கல்யாணத்தன்று நான் பெங்களூர் மைதானத்தில் நிற்க வேண்டும்.

23-7-2025

அம்மா: "முடியாதுன்னு சொல்லு. இப்பத்தான் ஒட்ட வச்சிருக்கு, திரும்ப ஒடைக்காத."

அப்பா: "தேதிய மாத்தச் சொல்லிக் கேப்போம்."

அம்மா: "நீங்க கேப்பிய. அந்த மனுசன் ஏற்கெனவே மொறைச்சிக்கிட்டு இருக்காரு. ரெண்டு பட்டைக்கே இந்தப் பாடு. இவ மூணாவது வாங்கப் போறேன்னு போய் நின்னா?"

அப்பா போன் செய்தார். மாமா ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: "மண்டபம் பேசியாச்சு, சொந்தபந்தத்துக்குச் சொல்லியாச்சு."

சுபாஷிடம் சொன்னேன். "இந்தக் கோர்ஸ் திரும்பக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "செரி. நான் பேசுதேன்" என்று வைத்துவிட்டார். யாரிடம் பேசுவார்? அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

24-7-2025

சுபேதார் சாப் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன். மறுபடி போட்டேன். மறுபடி கட் பண்ணினேன். வர முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. கேட்டில் ராத்திரி பகலாகத் தனியாக நின்றிருக்கிறேன், இந்த ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பயமா?

26-7-2025, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அப்பாவும் அம்மாவும் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார்கள். வாசலில் டிவிஎஸ் சத்தம். நெல்லையப்பன் மாமா. கடையத்திலிருந்து இந்தக் காற்றில் டிவிஎஸ்ஸிலேயே வந்திருக்கிறார், கண்ணெல்லாம் சிவந்து தூசி. தண்ணீர் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். பட்டாளத்தை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் அப்படித்தான் உட்காருகிறார்.

"அப்பா இல்லையா?"

"சந்தைக்குப் போயிருக்காங்க மாமா. வந்துருவாங்க."

"இருக்கட்டும். ஒங்கிட்டதான் பேசணும்." தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "சுபாஷு நேத்து எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டான். 'அவ போகட்டும், நான் காத்திருக்கேன், நீங்க தேதிய மாத்தலன்னா நான் அன்னைக்கு மண்டபத்துக்கு வர மாட்டேன்'ங்கான். இத்தன வருசத்துல எம் முன்னால நின்னு பேசுனதே கெடையாது அவன்."

நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"கேடருன்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்" என்றார். "எனக்கும் வந்துச்சு. ஹவில்தார் ஆகுததுக்கு எழுதுத அந்தக் கோர்ஸு. பாஸ் பண்ணிருவேன்னு எனக்கே தெரியும், அப்படி ஓடுவேன் அப்பல்லாம். அந்த நேரம் பாத்து ஊர்ல இருந்து போன். இவன் வயித்துல. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, ஒடனே வான்னு. கேடர விட்டுட்டு ஓடி வந்தேன். வந்தது தப்பில்ல. ஒங்க அத்த பிழைச்சா. இவன இந்தக் கையில வாங்குனேன்."

கையை விரித்துக் காட்டினார்.

"திரும்பிப் போனேன். அடுத்த வருசம் பாப்போம்னாவ. அடுத்த வருசம் வேற ஆள் போனான். அதுக்கு அடுத்த வருசம் வயசு தாண்டிட்டுன்னாவ. எனக்குக் கீழ இருந்தவன் மூணு பட்டை போட்டு வந்து எனக்கே ஆர்டர் சொன்னான். அதே ரெண்டு பட்டையோடதான் பென்சன் வந்தேன். நீ அத நாலே வருசத்துல வாங்கிட்டன்னு ஒங்கப்பா சொன்னப்ப... என்னமோ ஆயிட்டு எனக்கு."

"மாமா…"

"இரு, முடிச்சிருதேன். அன்னைக்கு எனக்கு வந்தது உசுரு காரியம். இது வெறும் தேதி. தேதிய மாத்திக்கிடலாம். நீ போயிட்டு வா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதது போல எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"தையில வச்சிக்கிடுவோம். பத்திரிகையில ரேங்க் போடணும்னா ஒங்கப்பா போடட்டும். சமையல் விசயத்த மட்டும் ஊருக்குள்ள நானே சொல்லிக்கிடுதேன். எனக்குக் கொஞ்சம் டயம் குடு."

"நீங்க எடுத்துக்கோங்க மாமா."

அவர் போனதும் சுபேதார் சாப்புக்குப் போன் போட்டேன். இந்த முறை மணி அடித்தது. வருகிறேன் என்று சொன்னேன்.

16-8-2025, சனி

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. சுபாஷும் இந்த வாரம் யூனிட்டுக்குத் திரும்புகிறார். ஸ்டேஷனில் ஒரு டப்பா கொடுத்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. அவர் அம்மா அடுப்படியை விட்டுக்கொடுத்தாரா என்று கேட்டேன். "சண்ட போட்டுத்தான் வாங்கினேன்" என்றார்.

விருதுநகர் வருவதற்குள் டப்பா காலி.

21-9-2025

குரல் போய்விட்டது. வெந்நீரும் உப்பும். டிரில் சொல்லும்போது தொண்டையிலிருந்து கத்தக்கூடாது, வயிற்றிலிருந்து எடுக்க வேண்டுமாம். இன்று என் கட்டளைக்கு வரிசை மொத்தமும் தப்பாகத் திரும்பியது. தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது.

15-11-2025

தேறிவிட்டேன். முதலில் அப்பாவுக்கு, பிறகு சுபாஷுக்குச் சொன்னேன். மாமாவிடம் யார் சொன்னார்களோ, அவரே கூப்பிட்டார். "என்ன கிரேடிங்?" என்றார். சொன்னேன். "ம்ம். நல்ல கிரேடிங்தான்." வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கூப்பிட்டு, "ஒங்க மாமா பஜார்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்காவளாம்" என்றார்.

30-1-2026, வெள்ளி
கடையம்

கல்யாணம் ஆகி இரண்டு நாள். எழுத நேரமில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் இருக்க முடியாது. மாலை மாற்றி முடிந்த கையோடு மாப்பிள்ளையைக் காணோம். தேடினால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துச் சமையல் பக்கம் நின்று தேங்காய்ப்பால் சொதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தை கையைப் பிடித்து இழுத்து வந்தார். மாமா யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். இன்னும் அவர் கேட்ட டயம் முடியவில்லை.

24-4-2026, வெள்ளி
பெங்களூர்

சென்டருக்கு போஸ்டிங் கிடைத்து வந்தாயிற்று. புது பேட்ச் பெண்கள் இன்று வந்து இறங்கினார்கள். பெட்டியும் பயமுமாக நின்றார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து "மேடம்" என்றாள். "உஸ்தாத்" என்று திருத்தினேன். சொல்லிவிட்டு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஆஷிகா வீடியோ காலில் வந்தாள். ஊரில் இன்று கோயில் கொடை. சுபாஷுக்கும் எனக்கும் லீவு இல்லை. நம் வீட்டார் முறை என்பதால் அன்னதானம் அப்பா பொறுப்பு. கடையத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்களாம். காலையில் பார்த்தால் சமையலுக்குப் பேசியிருந்த ஆளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அடுப்பு மூட்டியாயிற்று, நானூறு பேர் சாப்பிட வேண்டும், அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் எழுந்தாளாம். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கும்போதே, "எதுக்குப் பதறுதிய? எம் மருமவன் பட்டாளத்துக்கே சமைக்கான், இந்தக் கொடைக்குச் சொல்லித்தர மாட்டானா?" என்று சொல்லிப் போனை எடுத்து சுபாஷைக் கூப்பிட்டிருக்கிறாள். நல்லவேளை, அவருடைய யூனிட் இப்போது கீழே இறங்கிவிட்டது, சிக்னல் இருக்கிறது.

பெரிய கரண்டியை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தபோது நெல்லையப்பன் மாமா சட்டையைக் கழற்றி ஆஷிகாவிடம் கொடுத்தாராம்.

ஆஷிகா எடுத்த வீடியோவை அனுப்பினாள். அண்டாவில் பருப்பு கொதிக்கிறது. மாமா வியர்த்து வழிந்து நிற்கிறார். அவர் முன்னால் ஒருவர் போனை நீட்டிப் பிடித்திருக்கிறார். போனிலிருந்து சுபாஷின் குரல்: "அப்பா, அடி பிடிக்கும், கிண்டுங்க. விடாதீங்க. புளிய இப்பம் ஊத்தாதீங்க, நான் சொல்லுதேன்."

"சரிலே, சரிலே, சொல்லு" என்கிறார் மாமா.

யாரோ பின்னாலிருந்து கேட்கிறார்கள்: "அண்ணாச்சி, யாரு அது, இம்புட்டு விவரமா சொல்லுதது?"

மாமா கரண்டியை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எம் மவன். மிலிட்டரில சமையல்ல இருக்கான்" என்கிறார், மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி.

மூன்று முறை பார்த்துவிட்டு சுபாஷுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "சாப்ட்டியா?" என்றார். என்ன குழம்பு என்று கேட்கவில்லை.

கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு சாம்பார் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"உப்பு ஒரு கல்லு கூடத்தான்" என்றாள் அம்மா. "ஒங்க மாமா கை. என் மருமவன் அளவெல்லாம் சரியாத்தான் சொன்னாரு."